தண்ணீர் யார் கையில் இருந்தது? ஆற்றோர ஆங்கிலக் கிராமம் ஒன்றின் வரலாற்றைத் தேடும் வழி

இங்கிலாந்தில் எந்தச் சிற்றூர் சர்ச்சுக்குள் போனாலும் வாசலருகே ஒரு மடிப்புத்தாள் இருக்கும். எந்த ராணி அந்த ஊரில் ஒரு ராத்திரி தங்கினாள், எந்தப் பிரபு எந்த ஜன்னலைக் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். அந்த ஊர் எதைத் தின்று, எதை விற்றுப் பிழைத்தது என்பது மட்டும் கிடைக்காது. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் எனக்கு எந்த ஊரும் விளங்காது.

ஆற்றோர ஊராக இருந்துவிட்டால் இந்த விசாரணை சுலபம். ஒரே கேள்விதான்: தண்ணீர் யார் கையில் இருந்தது? மாவரைக்கும் ஆலைக்காரருக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். படகுக்காரருக்கு ஆறு திறந்து ஓட வேண்டும். மீன்பிடிப்பவருக்கு வழியை அடைத்துக் கூடு வைக்க வேண்டும். மூன்று பேர் ஆசையும் ஒரே ஆற்றில் நிறைவேறாது. அதனால் சண்டை வந்தது, சண்டை வந்ததால் காகிதம் சேர்ந்தது. சண்டையில்லாமல் வாழ்ந்த ஊரைப் பற்றி ஆவணக் காப்பகத்தில் அதிகம் தேறாது.

1215இல் ரன்னிமீடில், அதுவும் தேம்ஸ் கரையில்தான், ஜான் மன்னர் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டாவை எடுத்துப் பாருங்கள். அதன் 33ஆம் பிரிவு தேம்ஸிலும் மெட்வேயிலும், கடற்கரை நீங்கலாக இங்கிலாந்து முழுவதிலும் உள்ள மீன்தடுப்புகளை அகற்றச் சொல்கிறது. நீதி, உரிமை என்று நாம் பெரிதாகப் பேசும் சாசனத்துக்குள் விலாங்கு மீன் கூட்டைப் பிடுங்கச் சொல்லும் வரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆற்றோர ஊரைப் படிக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

நான் இருப்பது ஆக்ஸ்ஃபர்டுக்குத் தெற்கே உள்ள டிட்காட் என்ற சிறு நகரத்தில். சில மைல் தள்ளி, அபிங்டனுக்குத் தெற்கே, தேம்ஸ் கரையில் சட்டன் கோர்ட்னி என்ற ஊர் இருக்கிறது. அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊர் கிரேட் ஊஸ் கரையிலோ செவர்ன் கரையிலோ இருந்தாலும் வழி பெரும்பாலும் இதேதான்.

முதலில் வரைபடம், பிறகு கால்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். ஆங்கிலக் கிராமத்துக்கு ஸ்காட்லாந்து எதற்கு என்று கேட்காதீர்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களை இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் 19ஆம் நூற்றாண்டில் வரைந்தவை இருக்கின்றன. ஒவ்வொரு வேலியும் கிணறும் மதகும் தெரியும். பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. அதில் ஒரு மாலையைச் செலவழியுங்கள்.

ஆற்றில் நேர்கோடாக ஏதாவது தெரிகிறதா என்று தேடுங்கள். ஆறு தானாக நேராக ஓடாது. நேராக ஓடினால் யாரோ காசு செலவழித்து வெட்டியிருக்கிறார்கள். சட்டன் கோர்ட்னிக்கு வடக்கே அப்படி ஒரு கோடு உண்டு. கல்ஹம் வெட்டுக்கால்வாய், 1809இல் திறந்தது. ஊரை ஒட்டி வளைந்து ஓடுகிற பழைய ஆற்றைத் தொடாமல், படகுகள் அந்தப் பக்கமாக நேராகப் போய்விடும். ஏன் வெட்டினார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஆற்றுப் போக்குவரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் மேலே படித்தால் பாதி ஆவணம் புரியாது. பழைய தேம்ஸில் ஆலைக்காரர் குறுக்கே தடுப்பணை கட்டித் தண்ணீரைத் தேக்கி வைப்பார். அணையின் நடுவில் பலகைகளும் கழிகளும் செருகிய ஒரு திறப்பு இருக்கும். படகு வந்தால் அவற்றை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். தண்ணீர் பாய்ந்து இறங்கும். கீழே போகும் படகு அந்தப் பாய்ச்சலோடு சறுக்கிக்கொண்டு போகும். மேலே வரும் படகைக் கயிறு கட்டி, உருளை சுற்றி இழுக்க வேண்டும். தேக்கி வைத்த தண்ணீர் இதில் போய்விடும், அதனால் ஆலை நிற்கும். ஆலைக்காரர் சும்மா திறப்பாரா? காசு கேட்டார். கோடையில் தண்ணீர் குறைந்தால் படகு நாள்கணக்கில் காத்துக் கிடந்தது. சட்டன் ஆலை வழியாகப் போன படகுக்காரர்களுக்கும் இதே பாடுதான். அங்கே வாங்கிய கட்டணம் அதிகம் என்ற புகார் ஓயவே இல்லை. கடைசியில் ஆற்றுப் போக்குவரத்தைக் கவனித்த ஆற்று ஆணையர்கள் ஆலையையே சுற்றிக்கொண்டு போக ஒரு கால்வாயை வெட்டி, இரண்டு பக்கமும் கதவு வைத்து, நடுவில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் லாக் ஒன்றையும் கட்டினார்கள்.

ஊருக்கு இதனால் என்ன ஆனது? படகுகள் வராமல் போயின. ஆற்றுப் போக்குவரத்தின் நடுவில் இருந்த ஊர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. இன்று சட்டன் பூல்ஸ் என்று எல்லோரும் படம் எடுக்கப் போகிற, அணைகளும் மடுக்களுமாக அழகாக இருக்கிற அந்த இடம் அமைதியாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கட்டணத் தகராறுதான். மடிப்புத்தாள்களில் நான் இதைப் பார்த்ததில்லை.

வரைபடம் பார்த்த பிறகு நடங்கள். தேம்ஸ் பாதை என்ற நடைபாதை கால்வாயை ஒட்டியே போகிறது. மழைக்காலத்தில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். சர்ச் எங்கே நிற்கிறது, எந்தத் தெரு ஆற்றைப் பார்த்து இறங்குகிறது, இறங்கிய இடத்தில் படகுத்துறை இருந்ததா என்று பாருங்கள். காலடி மண்ணையும் பாருங்கள். தேம்ஸ் பள்ளத்தாக்கில் பழைய ஊர்கள் பெரும்பாலும் வெள்ளம் ஏறாத சரளை மேட்டில்தான் இருக்கும். அந்தச் சரளையைத் தோண்டும்போதுதான் பழசு வெளியே வரும். சட்டன் கோர்ட்னியில் 1920களில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் ஈ. டி. லீட்ஸ் ஒரு சரளைக் குழியில் பழங்கால ஆங்கிலேயரான ஆங்கிலோ சாக்ஸன்களின் குடிசைத் தளங்களைத் தோண்டி எடுத்தார். கல்லறைகளை மட்டும் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மக்கள் குடியிருந்த இடம் ஒன்றைத் தோண்டியது இங்கிலாந்தில் புதிய விஷயம்.

1086இன் கணக்கு

மன்னர் முதலாம் வில்லியம் 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் உத்தரவு போட்டு, 1086இல் எடுக்க வைத்த கணக்கெடுப்புதான் டூம்ஸ்டே ஏடு. மூல ஏடு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஊர் வாரியாக இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு ஊருக்குச் சில வரிகள்தான் இருக்கும்: எத்தனை ஏர், எத்தனை குடும்பத் தலைவர்கள், எத்தனை ஆலை, மீன்பிடி உண்டா, முன்பு என்ன மதிப்பு, இப்போது என்ன மதிப்பு. இதை நான் வரித்துறையின் மதிப்பீட்டு ஆணை மாதிரிதான் படிக்கிறேன். அதில் பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் விட்டுப் போயிருப்பதை நினைவில் வையுங்கள். வரி கட்டாத ஆளை வரி ஏட்டில் ஏன் எழுதுவார்கள்?

ஆலை வாடகையைச் சில ஊர்களில் ஷில்லிங்கோடு விலாங்கு மீனாகவும் குறித்திருப்பார்கள். விலாங்கை இருபத்தைந்து சேர்ந்த கட்டாக எண்ணுவது வழக்கம். ஆலை மடுவில் விலாங்கு தானாக வந்து மாட்டும் என்பதால் ஆலைக்காரர் மீனையும் வாடகையாகக் கொடுக்க முடிந்தது.

எந்த மாவட்டம்? இதைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்

ஆறு என்றால் எல்லை. எல்லையில் இருக்கிற ஊரின் காகிதம் ஒரே இடத்தில் இருக்காது. சட்டன் கோர்ட்னி இன்றைக்கு ஆக்ஸ்ஃபர்ட்ஷரில் இருக்கிறது. 1974 வரை பெர்க்‌ஷரில் இருந்தது. அக்கரையில் உள்ள கல்ஹம் எப்போதும் ஆக்ஸ்ஃபர்ட்ஷர்தான். ஆக, சட்டன் கோர்ட்னியின் சர்ச் ஏடுகளைப் பார்க்க ஆக்ஸ்ஃபர்டுக்கு ஓடாமல் ரீடிங்கில் உள்ள பெர்க்‌ஷர் காப்பகத்துக்குப் போக வேண்டும். கல்ஹமுக்கு ஆக்ஸ்ஃபர்டின் கௌலியில் உள்ள ஆக்ஸ்ஃபர்ட்ஷர் வரலாற்று மையம். இன்னும் ஒரு சிக்கல்: 1836 வரை பெர்க்‌ஷர் சாலிஸ்பரி பிஷப்பின் ஆளுகையில் இருந்தது. அந்த அலுவலகத்தின் பழைய காகிதங்கள் வில்ட்ஷரில், சிப்பனமில் உள்ள காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு சின்ன ஊருக்கு மூன்று நகரம். போகுமுன் தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடல் பக்கத்தில் ஊர்ப் பெயரைப் போட்டு, எந்தக் காப்பகத்தில் என்ன எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்தில் பேனா கூடாது, பென்சில் மட்டும். பையை வெளியே வைத்துவிட வேண்டும். முன்கூட்டியே இடம் பதிவு செய்தால் ஏட்டை எடுத்து வைத்திருப்பார்கள். படம் எடுக்கக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் வெட்கப்படாமல் பேசுங்கள். நான் தேடி வந்ததைவிட நல்லதாக ஒன்றை அவர்களே எடுத்து நீட்டியிருக்கிறார்கள்.

தேம்ஸ் ஊர் என்றால் ரீடிங்கிலேயே இன்னொரு புதையல்: ஆற்று ஆணையர்களின் ஏடுகளும், அவர்களுக்குப் பின் 1866இல் மேல் ஆற்றின் பொறுப்பை ஏற்ற தேம்ஸ் கன்சர்வன்சியின் ஏடுகளும். கட்டணம், பழுதுபார்ப்புச் செலவு, லாக் காவலர் சம்பளம், ஆலைக்காரர்மேல் புகார் எல்லாம் அவற்றில் உண்டு.

சர்ச் கணக்கு: எனக்குப் பிடித்தது

1538இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவின்படி ஒவ்வொரு சர்ச்சும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கியது. எல்லா ஊரிலும் அந்த வருடத்திலிருந்தே ஏடு பிழைத்திருக்காது. பழையவற்றில் லத்தீன் கலந்திருக்கும், கையெழுத்தும் பயமுறுத்தும். தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் பழைய கையெழுத்துப் பாடத்தை இலவசமாக வைத்திருக்கிறது. முதலில் அதைப் பழகுங்கள். ரோமன் எண்ணில் கடைசி ஐ-யை ஜே மாதிரி வால் நீட்டி எழுதுவார்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 1971 பிப்ரவரி வரை இதுதான் கணக்கு. கூட்டிப் பாருங்கள். பக்கத்தின் அடியில் உள்ள மொத்தம் சரியாக வந்தால் நீங்கள் எண்களைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

தேதியில் ஒரு பொறி உண்டு. 1752க்கு முன் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25இல் பிறந்தது. ஏட்டில் 1690 பிப்ரவரி என்று இருந்தால் அது 1690 நவம்பருக்குப் பிறகு வந்த பிப்ரவரி. நம் கணக்கில் 1691. இதைக் கவனிக்காவிட்டால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கிவிடுவீர்கள்.

ஆனால் பதிவேட்டைவிட எனக்குச் சுவையானது சர்ச் நிர்வாகிகளின் வரவுசெலவுக் கணக்கு. கூரைக்கு ஈயம், மணிக்குக் கயிறு, வழிப்போக்கருக்குப் பிச்சை என்று வரிசையாக வரும். நடுவில் செத்த விலங்குகளுக்குக் காசு கொடுத்திருப்பார்கள். 1566ஆம் வருடச் சட்டம் பயிருக்கும் மீனுக்கும் கேடு செய்யும் உயிர்களைக் கொல்பவருக்குப் பரிசு வைத்தது: முள்ளெலிக்கு இரண்டு பென்ஸ், மீன்கொத்திக்கு ஒரு பென்னி. இன்று மீன்கொத்தியைக் காட்ட என் வீட்டுக்காரர் என்னை ஆற்றங்கரை பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார வைக்கிறார். அன்று அதன் தலையைக் கொண்டுபோய்க் காசு வாங்கியிருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கணக்கில் மீன்கொத்தியும் நீர்நாயும் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அந்த ஊரில் மீனுக்கு மதிப்பு இருந்தது என்று அர்த்தம்.

அடக்கப் பதிவேட்டில் ஓரக்குறிப்புகளை விடாதீர்கள். ஆற்றோர ஊரில் மூழ்கிச் செத்தவர்கள் நிறைய. பெயர் தெரியாதவர், ஆற்றில் கிடைத்தவர் என்று குறித்திருந்தால் தேதியை எடுத்துக்கொண்டு செய்தித்தாளுக்குப் போங்கள். இந்தப் பகுதிக்கு 1753இல் தொடங்கிய ஜாக்ஸன்ஸ் ஆக்ஸ்ஃபர்ட் ஜர்னல் உண்டு. மரண விசாரணைகள் பெரும்பாலும் ஊர் மதுக்கடையிலேயே நடந்தன, சாட்சி சொன்ன படகுக்காரர் பெயர் வரை அச்சில் இருக்கும்.

நிலம், ஆள், வேலை

1836ஆம் வருடச் சட்டத்தால் தசமபாகத்தை, அதாவது சர்ச்சுக்குச் சேர வேண்டிய விளைச்சலின் பத்தில் ஒரு பங்கை, தானியமாகக் கொடுப்பதற்குப் பதில் பணமாக மாற்றினார்கள். அதற்காகப் பல ஊர்களில் பெரிய வரைபடமும் அட்டவணையும் தயாரித்தார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் சொந்தக்காரர், குத்தகைக்காரர், வயலின் பெயர், பயன்பாடு எல்லாம் இருக்கும். ஆற்றில் உள்ள குட்டித் தீவுகளை இதில் பாருங்கள். கூடைக்கும் விலாங்குக் கூட்டுக்கும் வேண்டிய வில்லோ மிலாறு வளர்த்த தீவுகள் அவை.

ஆட்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பெயர் வாரியாக உதவுவது 1841இலிருந்து. அந்த வருடம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். அதனால் வயதை நம்பாதீர்கள். நூறு வருடம் கழித்துத்தான் திறப்பார்கள் என்பதால் இப்போது 1921 வரை பார்க்கலாம். 1931 ஏடுகள் 1942இல் தீயில் போய்விட்டன. 1941இல் போரினால் கணக்கெடுக்கவே இல்லை. இடைவெளியை ஓரளவு நிரப்ப, போர் தொடங்கியதும் மக்களின் பெயர்களை எழுதிய 1939 பதிவேடு இருக்கிறது. கட்டணத் தளங்களுக்கு உடனே அட்டையை நீட்டாதீர்கள், பல பொது நூலகங்களில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

தெருவை வீடு வீடாக எழுதி, தொழில் பத்தியை மட்டும் தனியே எடுத்து ஒரு தாளில் போடுங்கள். படகோட்டி, மீனவர், ஆலைத் தொழிலாளி என்று இருந்தவர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை எப்படி மாறுகிறார்கள் என்று பாருங்கள். டிட்காட்டில் 1844இல் ரயில் நிலையம் வந்தது. அதன் பிறகு நிலக்கரியும் தானியமும் ஆற்றில் போக வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே போனது. ஏழைகளின் கதை வேண்டுமென்றால் அபிங்டனைப் பாருங்கள். 1834ஆம் வருடப் புதிய ஏழையர் சட்டத்தின்கீழ் ஏழைகளைப் பராமரிக்கப் பல ஊர்களைச் சேர்த்து முதலில் அமைந்த ஒன்றியம் அதுதான், 1835 ஜனவரி 1ஆம் தேதி.

புகழ்பெற்ற கல்லறைகள்

சட்டன் கோர்ட்னிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் நேராக ஆல் செயின்ட்ஸ் சர்ச் தோட்டத்துக்குப் போவார்கள். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அங்கே இருக்கிறார். கல்லில் எரிக் ஆர்தர் பிளேர் என்ற இயற்பெயரும், 1903 ஜூன் 25, 1950 ஜனவரி 21 என்ற இரண்டு தேதிகளும்தான். பிஹாரின் மோதிஹாரியில் பிறந்தவர் இந்த ஊரில் வாழ்ந்ததே இல்லை. சர்ச் முறைப்படி அடக்கம் வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். லண்டனில் இடம் கிடைக்கவில்லை. இங்கே நிலம் வைத்திருந்த நண்பர் டேவிட் ஆஸ்டர் ஏற்பாடு செய்தார். ஊர் வரலாற்றில் இது அரைப் பக்கம் போதும்.

பக்கத்திலேயே இருக்கிற எச். எச். ஆஸ்க்வித் வேறு விதம். 1908 முதல் 1916 வரை பிரிட்டன் பிரதமர். ஆற்றங்கரையில் வார்ஃப் என்ற வீட்டை வைத்திருந்தார், 1928இல் அங்கேயே இறந்தார். பெயரைக் கவனியுங்கள்: சரக்கு இறங்கிய துறை, பெரிய மனிதரின் வாரயிறுதி வீடாகிவிட்டது. சரக்குப் படகு போனபின் தேம்ஸ் ஊர்களுக்கு வந்த அடுத்த வருமானம் இந்தப் பணக்கார விருந்தாளிகள்தான். அவருக்கு இரண்டு பக்கம் கொடுக்கலாம்.

முதலாம் ஹென்றி மன்னரின் மகள் பேரரசி மட்டில்டா இந்த ஊரில் பிறந்தாள் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட கதையைத் தூக்கிப் போட வேண்டாம். அதே காலத்து ஆவணம் கையில் கிடைக்கும் வரை, சொல்கிறார்கள் என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடுங்கள்.

வெள்ளம்

தேம்ஸ் ஊர்களில் 1894 நவம்பரும் 1947 மார்ச்சும் மறக்காத வெள்ளங்கள். இரண்டாவது, உறைந்த நிலத்தின்மேல் பனி உருகி மழையும் சேர்ந்ததால் வந்தது. லாக் காவலர் வீட்டுச் சுவர், பாலத் தூண், ஆலைக் கதவோரம் ஆகிய இடங்களில் கோடும் வருடமும் செதுக்கியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். நம் ஊராட்சி மாதிரியான பாரிஷ் கவுன்சில்கள் முதன்முதலில் தேர்தலால் அமைந்தது 1894 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு. முதல் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 1947க்கு ஆள் சாட்சி இன்னும் இருக்கலாம். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய யாராவது ஊரில் இருந்தால் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அவரிடம் போங்கள். காகிதம் காத்திருக்கும்.

எழுதும்போது கால வரிசைப்படிதான் போக வேண்டும் என்று இல்லை. ஆலை, பாலம், படகுத்துறை, சர்ச் என்று இடம் இடமாக எழுதினால், வாசிப்பவர் கையில் பிடித்துக்கொண்டே நடக்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் காப்பகத்தின் பெயரையும் ஏட்டு எண்ணையும் போடுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய எதையும் அவர்கள் அனுமதி இல்லாமல் அச்சில் ஏற்றாதீர்கள். முடிந்ததும் ஒரு பிரதி காப்பகத்துக்கு, ஒன்று பாரிஷ் கவுன்சிலுக்கு. இன்னொன்றைச் சர்ச்சில் அந்த மடிப்புத்தாள் எழுதியவருக்கே கொடுங்கள். முதலில் கொஞ்சம் முறைப்பார், அப்புறம் ஆலைக்காரர் எவ்வளவு வாங்கினார் என்று கேட்பார்.